புதுப்பிப்பு: ஹாஸ்கெல் பட்டியலைத் தொடாமல் பார்ப்பது

ஹாஸ்கெல் நிரல்மொழி ஒரு மதிப்பைத் தேவைப்படும்போதுதான் கணக்கிடும். அதன் பட்டியலில் எதுவரை கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதை, அதைக் கணக்கிட வைக்காமலே பார்க்க முடியுமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது. மதிப்பை எழுத்தாக மாற்றும் 'ஷோ' (show) முழு மதிப்பையும் கணக்கிட வைத்துக் கறந்துவிடும். ஹாஸ்கெல் வரிகளை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் ஜிஹெச்சிஐயின் (GHCi) ':ஸ்பிரின்ட்' (:sprint) கட்டளையோ இருப்பதை இருக்கிறபடியே காட்டி, கணக்கிடாத இடத்தில் அடிக்கோடு போடுகிறது.

1 முதல் 5 வரையான எண்களோடு, ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே செயலைச் செய்யும் 'மேப்' (map) வழியாக 1 கூட்டும் பட்டியல், முதலில் வெறும் _ தான். நீளம் கேட்டதும் [_,_,_,_,_] ஆனது. ஐந்து பெட்டிகள், உள்ளே ஒன்றுமில்லை! கூட்டுத்தொகை கேட்ட பிறகே [2,3,4,5,6].

சோதிப்பவர்கள் 'இன்ட்' (Int, முழு எண்) பட்டியல் என்று வகையைக் கட்டாயம் எழுதுங்கள். விட்டால், ஜிஹெச்சிஐ அதை உள்ளுக்குள் ஒரு சார்பாகவே (function) வைத்திருக்கும். எத்தனை முறை கூட்டினாலும் அதே ஒற்றை அடிக்கோடுதான். எரிச்சலூட்டும் நடத்தை, ஆனால் பிழையல்ல. ':பிரின்ட்' கட்டளையும் கணக்கிடாது. கணக்கிடாத துண்டுகளுக்குப் பெயர் சூட்டித் தரும். கணக்கிட்டே காட்ட வேண்டுமென்றால் ':ஃபோர்ஸ்'.