முகாம் அம்மாவோட பழைய பேப்பருங்க, லேமினேஷன் போடலாமா?

காட்பாடி ஜெராக்ஸ்:
வணக்கம், வேலூர்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மேல்மொணவூர் இலங்கை அகதிங்க முகாம்ல இருந்து ஒரு அம்மா மஞ்சப்பையில பேப்பர் கட்டு எடுத்துக்கினு வந்து "இதுகளுக்கு பிளாஸ்டிக் போட்டுத் தாங்கோ தம்பி"ன்னாங்க. இன்னான்னு பாத்தா 1996ல யாழ்ப்பாணத்துல ஆர்மி சுத்தி வளைச்சப்ப அவங்க பையன புடிச்சிக்கினு போனதுக்கு குடுத்த புகார் காப்பி, செஞ்சிலுவைச் சங்கத்து சீட்டு ஒண்ணு, அப்பவே பென்சில்ல எழுதி வச்ச ஒரு நோட்டு. மடிப்புல எல்லாம் பிஞ்சி தொங்குது. 2025ல யாழ்ப்பாணம் பக்கத்துல செம்மணி புதைகுழிய தோண்டுனத போன்ல பாத்ததுலருந்து தூக்கமே இல்லயாம் அவங்களுக்கு. லேமினேஷன் போட்டுடட்டா? இத யாருக்குனா அனுப்புனா பிரயோஜனம் உண்டா?

அகழி ஓரம்:
அய்யோ வேணாம் ப்ரோ!! சூட்டுல பழைய மை ஓடிடலாம், ஒட்டுனா திரும்ப பிரிக்கவும் முடியாது, நாளைக்கு இந்த பேப்பர் எந்த காலத்துதுன்னு டெஸ்ட் பண்ணணும்னா அவ்ளோதான். நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, இப்டி கெட்டுப்போன பத்திரம் எத்தனையோ பாத்துட்டேன். கலர்ல 600 டிபிஐ ஸ்கேன் போடுங்க, முன்பக்கம் பின்பக்கம் நோட்டு அட்டை காலி பக்கம் எதையும் விடாதீங்க. எழுத்து மங்கலா கீதுன்னு மேல பேனாவால இழுத்துடாதீங்க, செல்லோடேப்பும் வேணாம். வாட்ஸப்ல போட்டோவா அனுப்புனா சுருங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. வேலை முடிஞ்சதும் கடை சிஸ்டத்துல இருந்து அழிச்சிடுங்க, அது ரொம்ப முக்கியம்.

முகாம்ல பொறந்தவன்:
அண்ணா ஸ்கேன் எல்லாம் சரி, ஆனா அந்த அம்மாகிட்ட கதைய திரும்ப திரும்ப கேக்காதீங்க. எங்க அம்மம்மா கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லி சொல்லி ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் சாப்பிடாம கிடப்பாங்க. இலங்கை அரசு விசாரிக்குறோம்னு 2010ல நல்லிணக்க ஆணைக்குழு, 2013ல காணாமல் போனவங்களுக்காக பரணகம ஆணைக்குழு, அப்புறம் காணாமல் போனோர் அலுவலகம்னு வந்துது, என்ன ஆச்சு? யாழ்ப்பாணம் மிருசுவில்ல 8 பேர கொன்னதுக்கு 2015ல மரண தண்டனை வாங்குன ஆர்மிக்காரனையே 2020ல ஜனாதிபதி மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா பேப்பர பத்திரமா வைங்க.

சட்டம் படிக்கிறவள்:
கோவம் நியாயம்தான் தம்பி. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்த உருவாக்குன ரோம் சாசனத்துல இலங்கை கையெழுத்து போடல, அதனால அந்த கோர்ட்டுக்கு நேரா போக முடியாது. ஆனா 2021ல வந்த ஐநா தீர்மானம் 46/1ல இருந்து ஜெனீவால மனித உரிமை ஆணையர் ஆபீஸ்ல ஒரு டீம் ஆதாரம் சேத்து பாதுகாத்துட்டு வர்றாங்க, 2025 அக்டோபர்லயும் அத நீட்டிச்சாங்க. அது கோர்ட் இல்ல, தண்டனை குடுக்காது, பின்னாடி வேற நாட்டு கோர்ட்ல கேஸ் நடந்தா அந்த ஆதாரம் உதவும். செம்மணில 300, 400 பேர் புதைஞ்சிருக்காங்கன்னு 1998லயே தண்டனை வாங்குன ஒரு சிப்பாய் கோர்ட்ல சொன்னான், 1999ல தோண்டுனப்ப கிடைச்சது 15 உடல்தான், 2025ல 200க்கு மேல எலும்புக்கூடு, கூடவே ஒரு ஸ்கூல் பை, பொம்மை. அதுக்காக எலும்புன்னாலே நம்ம புள்ளன்னு அந்த அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, மன்னார்ல 2018ல 300க்கு மேல எடுத்து கார்பன் டெஸ்ட் பண்ணப்ப பல நூறு வருஷம் பழசுன்னு வந்துது. அவங்க கண்ணால பாத்தது எது, பிறத்தியார் சொல்லி கேட்டது எதுன்னு தனித்தனியா குறிச்சி வைங்க. ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு ஆபத்து வரலாம், அதனால அந்த அம்மா சரின்னு சொல்லாம ஒரு பக்கம் கூட எங்கயும் போகக்கூடாது, ஃபேஸ்புக்ல போடவே கூடாது.

காட்பாடி ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கி வந்தாங்க, கடை ஷட்டர பாதி எறக்கிட்டு மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணேன். நோட்டுல ஒரு ட்ரக் நம்பர் இருந்துது, வேற எதுவும் கேக்கல, இத நீங்களே பாத்தீங்களாம்மான்னு மட்டும் கேட்டேன். "முதல் ரெண்டு நம்பர் நான் கண்டது, மிச்சம் பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்னது"ன்னு பட்டுனு சொன்னாங்க, 30 வருஷம் ஆகப்போவுது. ஜெனீவா விஷயம் யாழ்ப்பாணத்துல கீற மகள கேட்டுட்டு சொல்றாங்களாம். ஜெராக்ஸ் காப்பிக்கு லேமினேஷன் போட்டு குடுத்துட்டேன், ஒரிஜினல வைக்க நல்ல கவர் வேலூர்ல எங்க கிடைக்கும், யாருனா சொல்லுங்களேன்.