சென்னையில் முதல் நாள்: ‘எத்தனை வெள்ளி?’

பட்டர்வொர்த்திலிருந்து:

மலேசியத் தமிழர்களாகிய நாம் முதன்முதலாக இந்தியா போன கதையை இந்தப் பகுதிக்கு எல்லாரும் எழுதுகிறீர்கள். கூட்டம், தூசு, வெயில் என்றே போகிறது. வெயில் நமக்குப் புதிதா என்ன? என்னைக் கவிழ்த்தது என் தமிழ்தான்.

2017இல் போனேன். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தால், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி ஊரே நிற்கிறது. ஒருவரை வரவேற்க ஒன்பது பேர். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) சட்டைப்பையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காவலரும் தமிழ், பெருக்குகிறவரும் தமிழ், யாரையோ திட்டுகிறவரும் தமிழ். பினாங்கில் லிட்டில் இந்தியாவை விட்டு நான்கு தெரு தாண்டினால் நம் நாக்கு மலாய்க்கோ ஹொக்கியன் சீனத்துக்கோ மாறியாக வேண்டும். அன்று அதற்கு அந்த வேலையே இல்லை. அந்தச் சந்தோஷம் ஆட்டோ நிறுத்தம் வரைக்கும்தான்.

“எழும்பூருக்கு எத்தனை வெள்ளி, அண்ணே?”

ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளி வாங்குவதென்றால் தி. நகர் போக வேண்டும், சார். எழும்பூரில் என்ன கிடைக்கும்?”

எங்கள் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்லி வளர்ந்த வாய் இது. நான் விளக்கி முடிப்பதற்குள் வெளிநாடு என்று தெரிந்துபோய், கட்டணமும் அதற்கேற்ப ஏறிவிட்டது. விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் 2016இலேயே வந்துவிட்டது. எனக்கு அது தெரிந்தது ஊர் திரும்பும் நாளில்.

நம்மைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போக வேண்டும். அதற்குமேல் ஒற்றுமை தேடக்கூடாது. இங்கே ஹாரன் அடித்தால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். அங்கே முன்னால் போகும் லாரியின் முதுகிலேயே ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்! ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம்.

மறுநாள் காலை ஓட்டலில் “பசியாற என்ன இருக்கிறது?” என்றேன். “சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு மேல்தான், சார்” என்றார் பரிமாறும் தம்பி. பக்கத்து மேசையில் இட்லி ஆவி பறக்கிறது. ‘டிபன்’ என்று கேட்டிருக்க வேண்டுமாம். அதோடு விட்டேனா? நம் ஊர் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) வழக்கப்படி ‘தண்ணி என்ன இருக்கிறது’ என்றும் கேட்டுவைத்தேன். தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அதெல்லாம் தெருமுனைக் கடையில், சார்” என்று மெல்லச் சொன்னார். நான் கேட்டது தேநீர்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

அண்ணே, தண்ணி கேட்ட கதையை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். எனக்குப் பேச்சில் சிக்கல் வரவில்லை, பேசவே வாய்ப்பில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் போதும், நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கும். சேலைக் கடைக்குப் போக நினைத்த என்னைப் பாத்திரக் கடையில் சேர்த்தது. வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாக இருந்ததால் இட்லிக் குண்டான் ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் அதில்தான் அவிக்கிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து:

நான் 1978இல் அப்பாவோடு, மலேசியாவுக்கும் மதராஸுக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் போனவன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. 1985இல் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கடலிலேயே தள்ளி நின்றது. அங்கே இறங்குகிறவர்கள் மூட்டை முடிச்சோடு படகுக்கு மாறினார்கள். அப்பாவுக்கு மதராஸைப் பார்த்தாக வேண்டும், ஆகவே நாங்கள் இறங்கவில்லை.

மதராஸில் கால் வைப்பதற்கு முன்பே அப்பா எச்சரித்தார்: “நீ வாயைத் திறக்காதே. மலாயா என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள்.” தாமும் திறக்கவில்லை. கடையில் விரலால் காட்டித்தான் வாழைப்பழம் வாங்கினார். விழுப்புரம் போக எழும்பூர் நிலையத்துக்குப் போய் நின்றதும் ஒரு போர்ட்டர் நேரே எங்களிடம் வந்து, “மலேயாவிலிருந்து வருகிறீர்களா, ஐயா?” என்றார். சுற்றிலும் நூறு பேர் இருக்கிறார்கள்!

பைக்குள் இருந்த இரண்டு டஜன் கோடாலித் தைலத்தின் வாடைதான் காட்டிக்கொடுத்தது என்று அப்பா கடைசிவரை சாதித்தார். எனக்கென்னவோ, டிக்கெட் சன்னலில் நாங்கள் இருவர் மட்டும் வரிசை கட்டி நின்றதைத்தான் அவர் பார்த்திருப்பார் என்று படுகிறது.