கருத்தரிப்பு மைய ஆய்வகத்தில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு விஷயம்

கயல்:
இரண்டாவது முறை கரு வைப்பதற்கு முந்தின வாரம். கூடத்துச் சுவரில் ஆய்வகத்தின் அங்கீகாரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முதல் முறை ஒரு கருகூட ஐந்தாம் நாளைத் தாண்டவில்லை, அதனால் எதையும் நம்பாத மனநிலையில் இருந்தேன், எழுந்துபோய் முழுக்கப் படித்தேன். எந்த வேலைகளுக்கு அங்கீகாரம் என்று பட்டியலிடும் பின்னிணைப்பில் விந்துப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனைகள், அவ்வளவுதான். கரு வளர்ப்பு என்ற சொல்லே இல்லை. கருவியலாளரிடம் கேட்டேன். "அது டெஸ்ட் எடுக்கிற லேபுக்கு வாங்கினது மேடம், எங்க ரூம் அதுல வராது" என்றார், சாதாரணமாக. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கும்வரை யாரும் சொல்லவும் இல்லையே.

ஆற்றோரம்:
கயல், நீங்களாவது சான்றிதழில் இல்லாததைப் பார்த்தீர்கள். எங்கள் மையத்துக்கு உரிமம் உண்டு, அதிகாரிகள் வந்து பார்த்ததாகவும் சொன்னார்கள். எங்கள் மூன்று கருக்கள் அங்கே உறைநிலையில் இருந்தன. சேமிப்பைப் புதுப்பிக்கப் போன அன்று உறைந்த கருக்களை வைக்கும் தொட்டி அறை திறந்திருந்தது, கதவோரம் திரவ நைட்ரஜன் மட்டம் குறிக்கும் தாள். அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு கட்டங்களிலும் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது! மைனஸ் 196 டிகிரியில் இருக்கவேண்டிய பிள்ளைகள், நாளைக்கு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அந்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். வந்துபோன அதிகாரிகளும் இந்தத் தாளைத்தான் புரட்டியிருப்பார்கள், ஆய்வு என்ன ஆய்வு.

தென்றல்முகம்:
ஆற்றோரம் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒருவர் பொய் எழுதினார் என்பதற்காக ஆய்வே வீணா? பிரிட்டனில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஆணையம் உரிமம் தருகிறது, நேரில் போய்ப் பார்க்கிறது, அந்த அறிக்கையை யாரும் படிக்கலாம். அமெரிக்காவில் 1992 சட்டம் கருவியல் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுக்கச் சொன்னதோடு சரி, ஏற்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அங்கேதான் 2018 மார்ச்சில் ஒரே வாரக் கடைசியில் இரண்டு மையங்களின் தொட்டிகள் பழுதாயின. ஓரிடத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் போயின, வெளியிலிருக்கும் ஊழியரைக் கூப்பிடும் அலாரம் அணைந்து கிடந்திருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், இரவில் அலாரம் அடித்தால் யார் போனுக்கு வரும் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது அதைச் சோதித்தார்கள், மாற்றுத் தொட்டி தயாராக இருக்கிறதா, கரு இருக்கும் கிண்ணத்தில் எழுதிய பெயரை இரண்டாவது ஆள் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்கிறாரா என்றும் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அங்கீகாரம் எந்த வேலைக்கு என்பதைப் பின்னிணைப்பில் பாருங்கள், கயல் பார்த்த மாதிரி.

என் கதை சின்னதுதான். கரு வைக்கும்போது பெயர் பார்க்க ஒரே ஆள் இருந்தார், இன்னொருவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கயல்:
தென்றல், வயிறு வீங்கி, ஊசி போட்ட இடமெல்லாம் வலிக்கும்போது இத்தனை கேள்வியும் நாமே கேட்கவேண்டுமா? இதைக் கேட்கத்தானே அரசு இருக்கிறது. சரி, அந்த இன்னொருவர் வந்தாரா?

தென்றல்முகம்:
வந்தார். இரண்டு பேரும் எங்கள் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள். கரு தங்கவில்லை கயல். ஆனால் எங்களுடையதுதான் அது.