சித்தப்பா படம் பார்த்த கதை

அம்மா: தம்பி, நேற்று ராத்திரி ஹாலில் என்ன அப்படி ஒரு சத்தம்? ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தீர்களே.

சித்தப்பா: மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி. போலார் எக்ஸ்பிரஸ். ரயில் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் இடத்தை மட்டும் ஆறு தடவை பார்த்தேன்.

அத்தை: அது குழந்தைகள் படமாச்சேடா!

சித்தப்பா: எஞ்சின் குழந்தை இல்லையே அக்கா.

கவின்: மாமா, அது முழுக்க கம்ப்யூட்டரில் செய்த படம். அதில் ஏது நிஜ எஞ்சின்?

சித்தப்பா: (குரல் பதிவு, 4 நிமிடம் 12 நொடி)

அத்தை: இதை யார் உட்கார்ந்து கேட்பது? எழுதுடா.

சித்தப்பா: சரி. படம்தான் கம்ப்யூட்டர், எஞ்சின் சத்தம் நிஜம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பெரே மார்க்கெட் 1225 என்று ஒரு நீராவி எஞ்சின் இருக்கிறது. 1941-ல் லைமா தொழிற்சாலையில் செய்தது. அதை வைத்துத்தான் படத்து எஞ்சினை வரைந்தார்கள். அதை ஓடவிட்டுத்தான் சத்தத்தையும் பதிவு செய்தார்கள்.

கவின்: 1225 என்றால்... 12/25. அமெரிக்கர்கள் மாதத்தைத்தானே முதலில் எழுதுவார்கள். டிசம்பர் 25!

சித்தப்பா: பார்த்தாயா! அது வெறும் வரிசை எண்தான். கிறிஸ்துமஸுக்காக வைத்ததில்லை.

அம்மா: அப்படி என்ன விசேஷம் அந்தச் சத்தத்தில்?

சித்தப்பா: அண்ணி, நாம் சிக்கு-புக்கு என்று இரண்டாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் நீராவி பிஸ்டனை முன்னும் தள்ளும், பின்னும் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு மூச்சு. கிளம்பும்போது ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகக் கேட்கும். வேகம் பிடித்ததும் நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் கலக்கும் இடம் எதுவென்று கண்டுபிடிக்கத்தான் ஆறு தடவை.

அத்தை: கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்றால் டிவி எதற்குடா?

சித்தப்பா: சக்கரம் பார்க்க. இயக்குச் சக்கரம் ஒவ்வொன்றும் 69 அங்குலம். கவின், உன் உயரம்.

கவின்: நான் அதைவிட இரண்டு அங்குலம் கூட, மாமா.

சித்தப்பா: அப்படி எட்டுச் சக்கரம். முன்னால் சின்னதாக இரண்டு, பின்னால் நான்கு. 2-8-4, பெர்க்‌ஷயர் வகை. பின்னால் அந்த நான்கும் எதற்கென்றால், நெருப்புப் பெட்டி அவ்வளவு பெரிது; அதைத் தாங்க.

கவின்: சரி, ஐஸ் ஏரி மேல் சறுக்கிக்கொண்டு போகுமே, அதுவும் நிஜமா?

சித்தப்பா: அதைக் கேட்காதே. வயிறு எரிகிறது. எஞ்சினுக்குப் பின்னால் கரி சுமந்து வரும் டெண்டரில் மட்டும் 22 டன் கரி. அதோடு ஐஸ் மேல்! அப்புறம் அந்த மலை இறக்கம். நிஜப் பாதையில் நூறு அடிக்கு நான்கு அடி இறங்கினாலே ஓட்டுநருக்கு வியர்த்துவிடும்.

கவின்: ஆணி கழன்று வண்டி நிற்காமல் போகும் காட்சி?

சித்தப்பா: நீராவியைத் திறந்து மூடும் த்ராட்டில் சிக்கினால் என்ன? முன்னே போவதா பின்னே போவதா என்று மாற்றும் ரிவர்ஸர் இருக்கிறது, நடுவில் கொண்டுவந்து வைத்தால் இழுவை போய்விடும். பிரேக்கும் இருக்கிறது. கேபினில் அத்தனை பேர் நின்றார்களே, ஒருவருக்காவது தோன்றியதா?

அத்தை: நீ போயிருந்தால் பத்து நிமிடத்தில் படம் முடிந்திருக்கும்.

சித்தப்பா: 1957-ல் இந்த எஞ்சினை மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சும்மா காட்சிக்கு நின்றது. அதைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று இறங்கியது மாணவர்கள்தான். இல்லையென்றால் படத்துக்கு இந்தச் சத்தம் ஏது? இப்போது அதே மிச்சிகனில் ஒவாசோ என்ற ஊரில் இருக்கிறது.

அம்மா: அது இருக்கட்டும் தம்பி. நான் பாதியில் தூங்கிவிட்டேன். அந்தப் பையனுக்குக் கடைசியில் மணிச் சத்தம் கேட்டதா?

சித்தப்பா: எந்த மணி அண்ணி? எஞ்சின் மேல் இருக்கிறதே, அதுவா?