புதுப்பிப்பு: மாமனார் படத்தைப் பெரிதாக்கும் வேலை

தலைத் திதிக்கு மாமனார் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது பற்றிப் போன வாரம் எழுதியதில் ஒரு திருத்தம். பாஸ்போர்ட் சைஸ் படத்தை மொபைலில் எடுத்தாலே போதும் என்றிருந்தேன். போதாது. அவ்வளவு கிட்டத்தில் வைத்து எடுத்தால் போனின் நிழல் விழும், ஓரங்கள் வளையும். ஸ்கேனர்தான் சரி.

3.5 × 4.5 செ.மீ. படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650 × 2125 பிக்சல் வரும். 8 × 10 அங்குலத்துக்கு அது தாங்கும். 12 × 15 போட்டால் மீசையும் புருவமும் கரைந்துவிடும். இதெல்லாம் பழைய ஸ்டூடியோ பிரிண்டுக்கான கணக்கு. கலர் ஜெராக்ஸைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

டச்சப் செய்பவரிடம் கீறலையும் கறையையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் நெற்றிச் சுருக்கம், கன்னத்து மரு எல்லாவற்றையும் வழித்துவிடுவார்கள், மாமியார் பார்த்துவிட்டு "இது யாரு?" என்பார்.

பிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம், அதாவது படத்தைச் சுற்றி ஓரமாக வைத்து கண்ணாடி படத்தில் படாமல் தடுக்கும் அட்டை. ஈர மாலையின் தண்ணீர் பிரேம் ஓரமாக உள்ளே இறங்கினால் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பழைய படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே நகல் எடுங்கள். பூவைத் தண்ணீர் உதறிய பிறகு சாத்துங்கள்.