குவார்க் உண்மையான துகளா, கணக்குக்காகக் கட்டிய கற்பனையா?

அளவைப்பிரியன்:
பருப்பொருள் எவற்றால் ஆனது என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டதற்கு, "மேல் குவார்க், கீழ் குவார்க், எலக்ட்ரான் ஆகிய மூன்றே போதும்" என்று நண்பர் கதிரவன் நேற்று விடையளித்திருந்தார். எலக்ட்ரானைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் குவார்க்கைத் தனியாகப் பிடித்தவர் இதுவரை எவரும் இல்லை. 1964-இல் ஜார்ஜ் ஸ்வைக்கும் முர்ரே கெல்-மானும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தபோது, நிலையான குவார்க்குகளைத் தேடிப் பார்ப்பது அவை மெய்யாக இல்லை என்று உறுதிசெய்துகொள்ள உதவும் என்றே கெல்-மான் தம் கட்டுரையை முடித்தார். முன்மொழிந்தவரே தயங்கிய ஒன்றை மாணவிக்கு முடிந்த முடிபாகச் சொல்லலாமா?

கதிரவன்:
ஐயா, நீங்கள் 1964-இலேயே நின்றுவிட்டீர்கள். அடுத்த சில ஆண்டுகளில், ஸ்டான்ஃபோர்டில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டு முடுக்கியில் விரைவூட்டிய எலக்ட்ரான்களை, ஒரே புரோட்டானை அணுக்கருவாகக் கொண்ட ஹைட்ரஜனின் திரவத்தின் மீது மோதவிட்டு, அவை எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலை இழந்து வெளிவருகின்றன என்று அளந்தார்கள். புரோட்டானின் மின்னூட்டம் பஞ்சுப்பொதி போல உள்ளெங்கும் பரவியிருந்தால், பெரிய கோணங்களில் திரும்பும் எலக்ட்ரான்கள் மிக அரிதாகவே இருந்திருக்க வேண்டும். கிடைத்தவையோ எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு. பஞ்சுக்குள் கடினமான விதைகள் இருப்பதைத்தான் அது காட்டியது. பொற்தகட்டில் ஆல்ஃபா துகள்கள் திரும்பியதைக் கொண்டு 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்ட அதே வழிதான் இது. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவருக்கும் 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே. புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று கொள்வதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள் அல்லவா?

அளவைப்பிரியன்:
மறுக்க மாட்டேன். ஆனால் கண்டதைக் கொண்டு காணாததை அறியும் அந்தக் கருதல் அளவைக்கு நம் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு அடுக்களை. அங்கே புகையையும் நெருப்பையும் ஒருசேரக் கண்டவன்தான் மலையில் நெருப்பைக் கருத முடியும். அணுக்கருவைத் தனியே பிரித்தெடுக்கலாம். ஆல்ஃபா துகளே ஹீலியத்தின் அணுக்கருதானே. குவார்க்குக்கு அடுக்களை எங்கே?

கதிரவன்:
குவார்க்குகளை விலக்க விலக்க அவற்றைப் பிணைக்கும் விசை தளர்வதில்லை. இழுப்பதற்குச் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க்கு–எதிர்க்குவார்க்கு இணையாக மாறிவிடுகிறது. காந்தத்தை ஒடித்தால் வடதுருவம் தனியாகக் கிடைக்காதது போல.

அளவைப்பிரியன்:
வடதுருவத்தை எவரும் துகள் என்று சொல்வதில்லையே!

கதிரவன்:
உவமை என் காலையே வாரிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். உவமையை விட்டுவிட்டு எண்ணுக்கு வருவோம். எலக்ட்ரான் தான் மோதும் துகளின் மின்னூட்டத்தை உணர்கிறது; அதன் சிதறல் அந்த மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னூட்டமே இல்லாத நுண்துகளான நியூட்ரினோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புரோட்டானின் மின்னூட்டத்தை 1 என்று வைத்து, மேல் குவார்க்கின் மின்னூட்டம் 2/3, கீழ் குவார்க்கினது −1/3 என்றால், அவற்றின் வர்க்கங்களான 4/9, 1/9 ஆகியவற்றின் சராசரி 5/18. ஆகவே புரோட்டானும் நியூட்ரானும் ஏறத்தாழச் சமமாக உள்ள அணுக்கருக்களில், எலக்ட்ரான் சிதறல் அளவும் நியூட்ரினோ சிதறல் அளவும் இந்த விகிதத்தில் அமைய வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் கார்கமெல் என்னும், துகள்களின் தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் குமிழி அறையில் கிடைத்த நியூட்ரினோ அளவீடுகளை ஸ்டான்ஃபோர்டு அளவீடுகளோடு வைத்துப் பார்த்தபோது, அந்த விகிதமே வந்தது. வெறும் கணக்கு வசதி, தொடர்பில்லாத இரண்டு ஆய்வகங்களில் ஒரே பின்னத்தைத் தருமா?

நெய்தல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "மூன்றே போதும்" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. துகள்களின் நிறையை அளக்கும் ஆற்றல் அலகில் புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள இரண்டு மேல் குவார்க்குகள், ஒரு கீழ் குவார்க்கு ஆகியவற்றின் நிறைகளைக் கூட்டினால் 10-ஐக்கூட எட்டுவதில்லை. மீதியெல்லாம் குவார்க்குகளின் இயக்கத்திலும், அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். தராசில் நாம் நிறுப்பது பெரும்பாலும் அந்த ஆற்றலைத்தான்.

அளவைப்பிரியன்:
5/18 எனக்குப் புதிது. தனியே காணாததைத் துகள் என்று சொல்ல இன்னும் நாக்குக் கூசுகிறது என்றாலும், கற்பனை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நெய்தல் சொன்னதை மட்டும் மாணவிக்கான விடையில் சேர்த்துவிடுங்கள்.

கதிரவன்:
சேர்த்துவிட்டேன். "போதும்" என்பதை எடுத்துவிட்டு, குளுவானையும், 1979-இல் ஹம்பர்க் நகரில் நடந்த துகள் மோதல்களில் துகள்கள் மூன்று கற்றைகளாகச் சிதறிய நிகழ்வுகளில் அது வெளிப்பட்டதையும் எழுதியிருக்கிறேன்.