மே சீசன் அறைகள்: உங்களுக்கு எவ்வளவு முன்னதாக நிரம்புகின்றன?

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்க வரும் குடும்பங்கள் முன்பெல்லாம் மேட்டுப்பாளையம் வரை ரயில் டிக்கெட் கிடைத்ததுமே அறையும் பிடித்துவிடுவார்கள். 2024 நவம்பரில் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்த பிறகு எங்களுக்கு வரும் அழைப்புகளும் தள்ளிப்போய்விட்டன. காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்த கையோடு, கிளம்புகிற வாரத்தில்தான் கேட்கிறார்கள்.

சீக்கிரம் கேட்பவர்களுக்கு வாடகையைக் குறைத்துக் கொடுப்பதா, கடைசிவரை காத்திருப்பதா என்று புரியவில்லை. கொடைக்கானல், ஏற்காடு பக்கம் அறை விடுகிறவர்கள் சொல்லுங்கள்: பாதி அறைகள் எத்தனை நாள் முன்னால் நிரம்புகின்றன? முன்பணம் எவ்வளவு வாங்குகிறீர்கள்? சனி, ஞாயிறு எப்படியும் ஓடிவிடும், வார நாட்கள்தான் கவலை.